தீயில்லாத அடுப்பு

தமிழில் ஒரு பொருளைக் கண்டு பயப்பட அந்தப் பொருள் எதிரில் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு நாம் வைத்திருக்கும் சொல் போதும். அகராதியில் நுண்ணலை அடுப்பு என்றும், வீடுகளில் ஓவன் என்றும், வாரப் பத்திரிகைச் சமையல் குறிப்புகளில் 'மைக்ரோவேவ் அவன்' என்றும் (யார் அந்த அவன் என்று கேட்கத் தோன்றும்) வழங்கிவருகிற பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதனுள் என்ன நடக்கிறது என்று கேட்டால் நன்றாகப் படித்தவர்களிடமிருந்தும் ஒரே சொல்லில் பதில் வந்துவிடுகிறது: கதிர்வீச்சு. அதோடு யோசனை முடிந்து பயம் தொடங்கிவிடுகிறது.

கதிர் நல்ல சொல். வயலில் தலை சாய்ந்து நிற்பது கதிர். கிழக்கில் எழுபவன் கதிரவன். ராட்டையில் நூல் சுற்றிக்கொள்ளும் இரும்பூசிக்கும் அதே பெயர். இதன் வாலில் 'வீச்சு' என்பதைக் கட்டியதும் எங்கிருந்தோ ஒரு அரிவாள் வந்துவிடுகிறது. ஹிரோஷிமாவில் விழுந்ததற்கும், கல்பாக்கத்தில் கனத்த சுவர்களுக்குள் அடைத்து வைத்திருப்பதற்கும், ஆஸ்பத்திரியில் மார்புக்கூட்டைப் படம் எடுப்பதற்கும், சமையலறையில் நேற்றைய குழம்பைச் சூடு பண்ணுவதற்கும் ஒரே சொல்லை நீட்டினால் பயமும் ஒரே அளவில்தான் நீளும். இயற்பியலின் கணக்கில் மெழுகுவர்த்தி வெளிச்சமும் கதிர்வீச்சுதான். அந்த வெளிச்சத்தின் ஒரு துகளில் உள்ள சக்தி, இந்தப் பெட்டிக்குள் அலைகிற கதிரின் ஒரு துகளில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுக்கும் காரியம் மெழுகுவர்த்தியால் ஆகாதென்றால் இதனால் ஒருக்காலும் ஆகாது. இதனால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று. சூடாக்கும். சூடு அற்ப விஷயம் என்று நான் சொல்லவரவில்லை. பயம் போய்ச்சேர வேண்டிய விலாசம் அதுதான் என்கிறேன்.

'நுண்' என்பதும் அவ்வளவு சரியில்லை. வீட்டு ஓவன்களில் உள்ள அலை வினாடிக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. அதன் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அரைச் சாணைவிடக் கொஞ்சம் கூடுதல். கட்டிட நீளத்துக்கும் தெரு நீளத்துக்கும் இருக்கிற ரேடியோ அலைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்து இட்ட பெயரைத்தான் நாம் அப்படியே தமிழாக்கிக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியாத பொடியொன்று சதையில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும் என்கிற கற்பனைக்கு இந்த 'நுண்' எவ்வளவோ உதவியிருக்கிறது. அரைச் சாண் நீள அலை என்று தெரிந்தவனுக்குக் கதவில் இருக்கும் துளைபோட்ட தகடும் புரிந்துவிடும். துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். வெளிச்சத்தின் அலை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் பாதி என்பதால் உள்ளே சுற்றும் கிண்ணம் நமக்குத் தெரிகிறது. 12 சென்டிமீட்டர் அலைக்கு அந்தத் தகடு வெறும் சுவர். சென்னாகுன்னி வெளியே போய்விடும், வஞ்சிரம் வலையில் நிற்கும்.

அப்படியும் கதவோரம் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்கும் வரம்பு இருக்கிறது. அமெரிக்காவில் 1971-ல் நடைமுறைக்கு வந்த விதி, பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அதன் ஆயுள் முழுவதற்கும். சித்திரை உச்சிவெயில் அதே சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 100 மில்லிவாட்டைக் கொட்டுகிறது. இந்த ஒப்பீட்டை ரொம்பவும் இழுக்கக்கூடாது. வெயில் தோலில் நின்றுவிடும், இது சற்று உள்ளே போகும். ஆனாலும் ஓவனுக்குப் பயந்து சமையலறையை விட்டு ஓடி மொட்டைமாடியில் வடகம் காயப்போடப் போகிறவர்கள் எதிலிருந்து எதற்குள் ஓடுகிறார்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நான் இதை எழுதக் காரணம் அம்மா.

அம்மாவுக்கு 68 வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து எங்களோடு சென்னைக்கு வந்து ஆறு வருஷம். காலை ஒன்பது மணிக்கு நான் பாங்குக்கும் மனைவி பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பிவிட்டால் மாலை வரை வீட்டில் அவள் தனி. சமீப காலமாக வலது கை நடுங்குகிறது. காஸ் அடுப்பில் பாலை வைத்துவிட்டு பால்கனியில் புறாவை விரட்டப் போய், திரும்பி வரும்போது பாத்திரம் கறுத்திருந்த நாட்கள் இரண்டு. மூன்றாவது தடவை பால் பொங்கித் தீ அணைந்து காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. அன்று மாலையே மனைவி போய் ஓவனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தீ கிடையாது, நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும், மத்தியானம் சுடச்சுடச் சாப்பிடலாம் என்று அத்தைக்குப் பாடம் நடந்தது.

நாலு மாதம் அம்மா அதைத் தொடவில்லை. இரண்டு கண்களிலும் புரை ஆபரேஷன் ஆனவள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பெட்டி கண்ணைக் கெடுத்துவிடும் என்று. "ஆறின சோறு ஆளக் கொல்லாதுய்யா. கண்ணு போச்சுன்னா என்ன செய்ய?" என்றாள். இது முழுக்கப் பிதற்றல் அல்ல என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். 1940-களின் கடைசியில் முயலின் கண்ணருகே இந்த அலைகளைப் பலமாகப் பாய்ச்சியபோது லென்ஸ் வெளிறிப்போனது உண்மை. கண்ணின் லென்ஸில் ரத்தக்குழாய் கிடையாது. ஏறிய சூட்டை எடுத்துப்போக அங்கே யாருமில்லை. ஆனால் அது கதவில்லாத, நேருக்கு நேரான சூடு. இன்னொன்று, அம்மா எந்த லென்ஸுக்காகப் பயந்தாளோ அது இப்போது அவள் கண்ணில் இல்லை. எடுத்துவிட்டு வேறு வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அவள் சமாதானமடையவில்லை. கொஞ்சம் அவமானப்பட்டவள் மாதிரித்தான் இருந்தாள்.

நம்முடைய சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டினால் இருத்தலியத்துக்கும் அமைப்பியலுக்கும் கிடைத்திருக்கும் பக்கங்களில் நூற்றில் ஒரு பங்கு அடுப்புக்குக் கிடைத்ததில்லை. சமையலறை என்பது காபி வருகிற திசை, அவ்வளவுதான். அம்பை 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று எழுதியதற்குப் பிறகும் அந்த மூலைக்குள் நாம் எட்டிப்பார்த்தது அவருடைய கதையைப் பற்றிப் பேசத்தானே ஒழிய அடுப்பைப் பார்க்க அல்ல. ஒரு வீட்டில் வயதானவர்கள் மத்தியானத்தில் என்ன சாப்பிடுகிறார்கள், சூடாகவா, ஆறியா என்பது எழுதத் தகாத விஷயமென்று எனக்குத் தோன்றவில்லை.

விறகடுப்பும் சரி, காஸ் அடுப்பும் சரி, ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவை. நீலமாக எரிந்தால் ஒன்று, மஞ்சளாக எரிந்தால் ஒன்று. எண்ணெய் காய்ந்ததைக் கடுகு சொல்லும். குழம்பு வற்றியதை வாசனை சொல்லும். அடிப்பிடிக்கப் போவதை அதற்கு முந்தைய நிமிஷத்தின் சத்தம் சொல்லும். சமைத்துப் பழகிய காது அடுத்த அறையிலிருந்தே அதைக் கேட்டுவிடும். எங்கள் அம்மா ஐம்பது வருஷம் சமைத்தது இந்தப் பாஷையில்தான். ஓவனுக்கு இந்தப் பாஷை தெரியாது. அது போடுகிற சத்தம் உள்ளே இருக்கும் விசிறியின் சத்தம். உள்ளே பாயசம் இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே சத்தம். (ஒன்றுமே இல்லாமல் ஓடவிடக்கூடாது. உறிஞ்சிக்கொள்ள ஆளில்லாத சக்தி திரும்பிப்போய் அதை உண்டாக்கின குழலையே கெடுத்துவிடும்.) குறிகள் அனைத்தும் பிடுங்கப்பட்ட ஒரு பிரதியை நம் கையில் கொடுத்து வாசி என்கிற மாதிரி இருக்கிறது. இந்த இடத்தில்தான் நிஜமான ஆபத்துகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கதவுக்கு வெளியே அல்ல, கிண்ணத்துக்குள்ளே.

மனைவி விடாமல் சொல்லிச்சொல்லி ஒருவழியாக அம்மா அதைப் பயன்படுத்த ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை பிற்பகல், சுக்குக் காப்பிக்காகக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்தாள். இரண்டு நிமிஷம் ஓடி நின்றது. எட்டிப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது, ஒரு குமிழி இல்லை. மறுபடி இரண்டு நிமிஷம் வைத்தாள். அப்போதும் அப்படியே. வெளியே எடுத்துப் பொடியையும் கருப்பட்டித் தூளையும் ஒரு கரண்டி போட்டாள். குவளையிலிருந்து தண்ணீர் முழுவதும் எழுந்து வெளியே வந்தது. புறங்கையிலும் மணிக்கட்டிலும் கொட்டியது. முகத்தில் படாதது அவள் குட்டை என்பதாலல்ல, குவளையை மேடையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று போட்டதால். பக்கத்து வீட்டு அம்மாள் டூத்பேஸ்டோடு வந்துவிட்டார். மனைவி அதை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குழாயைத் திறந்து, கையை இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரிலேயே பிடித்திருந்தாள். இரண்டு கொப்புளங்கள் வந்து பத்து நாளில் ஆறின. அம்மா அன்று முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வாக்கியம்: "கொதிக்கவே இல்லயேய்யா. சும்மாதானே கெடந்துச்சு."

அவள் கண்டது சரி. அந்தத் தண்ணீர் கொதிக்கவே இல்லை. 100 டிகிரியைத் தாண்டியிருந்தது, ஆனால் கொதிக்கவில்லை. கொதிப்பதற்குத் தண்ணீருக்குச் சூடு மட்டும் போதாது, குமிழி பிறக்க ஒரு இடமும் வேண்டியிருக்கிறது. பாத்திரத்தின் ஒரு கீறல், ஒரு பொத்தல், ஒட்டிக்கொண்டிருக்கும் துளிக் காற்று ஏதாவது. அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடி தண்ணீரைவிட அதிகச் சூடு. தேய்ந்து கீறல் விழுந்ததும்கூட. குமிழிகள் அங்கிருந்து கிளம்பிவிடும். ஓவனில் சூடாவது தண்ணீர்தான், குவளை அல்ல. புதுக் கண்ணாடியோ வழவழப்பான பீங்கானோ என்றால் குமிழிக்கு உட்கார இடமே இல்லை. முதல் தடவை சூடாகும்போது தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் போய்விடுவதால் இரண்டாம் தடவை இன்னும் மோசம். கொதிக்க வேண்டிய தண்ணீர் கொதிக்காமல் காத்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு கரண்டிப் பொடி விழுந்ததும் லட்சம் இடங்கள் ஒரே சமயத்தில் கிடைத்துவிடுகின்றன.

ஆகவே தண்ணீர் வைக்கிறவர்கள், வேண்டிய நேரத்துக்கு மேல் வைக்காமலும், குமிழி வரவில்லையே என்று மறுபடி வைக்காமலும், உள்ளே ஒரு மரக்குச்சியைப் போட்டும் வைப்பது நல்லது. நின்றதும் எடுக்காமல் ஒரு நிமிஷம் விட்டு எடுக்க வேண்டும். பொடியைப் போடும்போது முகம் குவளைக்கு நேரே இருக்கக் கூடாது. இவ்வளவும் வாங்கும்போது கூடவரும் புத்தகத்தில் இருக்கிறது. நம் வீட்டில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? எங்களுக்கு வந்ததில் ஆங்கிலம் இருந்தது, இந்தி இருந்தது. தமிழ் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியும் தெரியாது. ஓவனின் பித்தான்கள் மீதிருந்த எழுத்துகளையும் அவள் படமாகத்தான் பார்க்கிறாள். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கிய நான் முதன்முதலாக உருப்படியாகச் செய்த மொழிபெயர்ப்பு அந்தப் புத்தகத்தின் ஆறு பக்கங்கள் என்று மனைவி சொல்கிறாள். அவள் என் மற்ற மொழிபெயர்ப்புகளைப் படித்திருக்கிறாள்.

இந்தப் பெட்டியில் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. உள்ளே சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சில இடங்களில் பலக்கின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சுற்றும் தட்டு வைத்திருப்பதே இதற்காகத்தான். அந்தத் தட்டு சுழலாதபடி எடுத்துவிட்டு, ஈரம் தடவிய பெரிய அப்பளம் ஒன்றை உள்ளே வைத்துச் சில வினாடிகள் மட்டும் ஓடவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொரிந்திருக்கும். இடையில் பச்சையாக இருக்கும். பொரிந்த இரண்டு இடங்களுக்கு நடுவே அளந்தால் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அது அலையின் பாதி நீளம். இரண்டால் பெருக்கி, வினாடிக்கு 245 கோடியால் பெருக்கினால் வெளிச்சத்தின் வேகம் வந்துவிடுகிறது. பாங்கில் கூட்டல் கழித்தலிலேயே ஆயுள் போய்க்கொண்டிருக்கிற எனக்கு, ஓர் அப்பளத்திலிருந்து பிரபஞ்சத்தின் வேக எல்லையைப் பெருக்கி எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல் ஒரு கணக்கு சந்தோஷம் கொடுத்ததில்லை. அம்மா அந்த அப்பளத்தைப் பார்த்துவிட்டு, "அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதன் பிறகு, சூடாக்கிய சாம்பாரை நடுவில் நிறுத்திக் கிளறி மறுபடி வைப்பது அவளுக்குச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று.

கிளறுவதற்கு வழியில்லாதவை ஆபத்தானவை. குழந்தையின் பால்புட்டி முக்கியமாக. புட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பு, உள்ளே ஒரு பக்கம் நாக்கு வெந்துபோகும் சூடு. தங்கை கைக்குழந்தையோடு வந்திருந்த மாதத்தில் புட்டிப் பாலை ஓவன் பக்கமே கொண்டுபோகாமல், வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் கொடுத்தோம். முட்டையும் இந்த ஜாதிதான். ஓட்டோடு வைத்தால் வெடிக்கும் என்பது பலருக்குத் தெரியும். ஓடு உரித்த அவித்த முட்டையும், வெளியே எடுத்த பிறகு, கடிக்கும்போது வெடிக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

பாத்திரம் ஒரு தனி துக்கம். எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர். அம்மாவின் கல்யாணச் சீர் 1979-ல் வந்தது. ஒவ்வொன்றிலும் தாத்தாவின் பெயர், ஊர், தேதி, 'அன்பளிப்பு' என்கிற சொல் எல்லாம் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். தமிழ்ச் சமையலறை என்பது ஒரு வகையில் இப்படிப் பெயர் வெட்டிய உலோகங்களின் நூலகம். அந்த நூலகத்திலிருந்து ஒன்றைக்கூட இந்தப் பெட்டி உள்ளே விடாது. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உள்ளே இருப்பது சூடேறாது. மெல்லிய விளிம்பும் கூர்முனையும் இருந்தால் பொறி பறக்கும். பீங்கான் தட்டில் ஓடும் ஒரு தங்கக்கோடு போதும். ஹோட்டல் சாம்பார் வந்த பிளாஸ்டிக் பையும் டப்பாவும் ஆகாது. எண்ணெய் மிதக்கும் குழம்பில் சூடு தண்ணீரின் கொதிநிலையோடு நிற்பதில்லை, அந்தச் சூட்டில் மலிவு பிளாஸ்டிக் இளகிவிடும். தாளிப்பை அதில் முயற்சி செய்யவே கூடாது. கடைசியில் நாலு கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கினோம். அம்மா அவற்றை 'ஆஸ்பத்திரிக் கிண்ணம்' என்கிறாள்.

ஓவனால் செய்ய முடியாத ஒன்றை அது செய்துவிடும் என்று நம்புவதும் ஒரு ஆபத்து. காலையில் வடித்த சோறு சென்னைப் புழுக்கத்தில் மேடை மேல் மூடியோடு மாலை வரை கிடக்கிறது. பேஸில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி ஒரு விஷத்தை விட்டுவைக்கும். அந்த விஷம் சூட்டுக்கு அசையாது. எவ்வளவு ஆவி பறக்கச் சூடாக்கினாலும் அது அங்கேயே இருக்கும். (தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் பழையது வேறு விவகாரம்.) ஆகவே ஓவனின் பாதுகாப்பு ஓவனுக்கு முன்னால், சோற்றைச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைப்பதில் ஆரம்பமாகிறது. எடுத்துச் சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரிக்காவது போக வேண்டும் என்று கணக்கு. அம்மாவுக்கு அதை, நடுவில் விரல் வைக்க முடியாத சூடு என்று சொல்லிக்கொடுத்தோம்.

இந்தச் சாதனம் யுத்தத்தின் பிள்ளை என்று சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. உண்மைதான். 1940-ல் பர்மிங்ஹாமில் ராண்டலும் பூட்டும் செய்த மாக்னெட்ரான் குழல்தான் ஜெர்மன் விமானங்களைத் தேடிய ராடாரின் இதயம். அதே வருஷம் அது ரகசியமாக அமெரிக்கா போயிற்று. அங்கே அந்தக் குழல்களைச் செய்துகொண்டிருந்த ரேதியான் கம்பெனியில் பெர்ஸி ஸ்பென்ஸர் என்கிற, பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு மேதை, 1945-ல் தன் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஓர் ஆள் உயரமும் 300 கிலோவுக்கு மேல் எடையுமாக இருந்தது. மேஜை மேல் வைக்கும்படி வீட்டுக்கு வந்தது 1967-ல். பிறந்த இடத்தை வைத்து ஒரு பொருளைத் தீர்மானிப்பது விமர்சனமல்ல, ஜாதகம் பார்ப்பது. கவிதைகளையும் நம்மில் சிலர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கதவைத் திறந்த மாத்திரத்தில் மின்சாரம் நின்றுபோகும்படி குறைந்தது இரண்டு தனித்தனிப் பூட்டுகள் அதில் இருக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். எங்கள் பாங்கின் பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம்; ஒருவன் மட்டும் தனியாகத் திறக்க முடியாது. அதே தத்துவம்தான். இருந்தாலும் நேரம் முடிவதற்கு முன், நிறுத்தும் பித்தானை அழுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவை இழுத்துத் திறக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. ஆனால் அந்த அவசரத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் வட்டத்துக்குப் பிடிக்கக்கூடியது.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்கிற ஊரில் 64 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 1998 முதல் அதில் சில வினோத சமிக்ஞைகள் விழுந்துகொண்டிருந்தன. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வருவதாக நம்பப்பட்ட ரேடியோ வெடிப்பு ஒன்று 2007-ல் அறிவிக்கப்பட்டிருந்தது; அதற்கும் இவற்றுக்கும் இருந்த ஜாடை விஞ்ஞானிகளைத் தொந்தரவு செய்தது. 2011-ல் இந்தச் சந்தேகத்துக்குரிய சமிக்ஞைகளுக்குப் 'பெரிட்டான்' என்று பெயர் வைத்தார்கள். போர்ஹெஸின் கற்பனை மிருகங்கள் புத்தகத்தில் வருகிற, மானின் தலையும் பறவையின் சிறகுமாக, மனிதனின் நிழலைத் தரையில் போட்டுக்கொண்டு பறக்கிற பிராணி அது. பெயர் வைத்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது தெரிந்திருக்காது. 2015-ல் கண்டுபிடித்தார்கள்: அந்தச் சமிக்ஞைகள் அலுவலக நேரத்தில், அதுவும் மத்தியானச் சாப்பாட்டு வேளையை ஒட்டித்தான் வந்தன. நிலையத்தில் இருந்த ஓவன் நிற்பதற்குள் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். குழல் அணைகிற அந்தச் சில ஆயிரத்தொரு பங்கு வினாடிகளில் வெளியே தப்பியதுதான் வானத்தின் மிருகமாகத் தெரிந்தது. நிழல் மனிதனுடையதுதான். அதோடு, உண்மையான வெடிப்புகள் பொய்யாகிவிடவில்லை. அவை தொலைதூரத்திலிருந்து வருபவை என்பது பிற்பாடு உறுதிப்பட்டது. பொய்யைக் கண்டுபிடித்ததால் உண்மை தப்பித்தது என்றும் சொல்லலாம்.

கதவு கோணிப்போனாலோ, கீல் தளர்ந்தாலோ, கண்ணாடி விரிந்தாலோ மட்டும் பயப்பட வேண்டும். அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். மற்றபடி அதைத் திறந்து பார்க்கிற ஆசை நமக்கு வேண்டாம். உள்ளே அந்தக் குழலுக்குப் போவது நாலாயிரம் வோல்ட் அளவில். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஒரு கெபாசிட்டர் அந்தச் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். டிரான்ஸிஸ்டரையும் மிக்ஸியையும் பிரித்துச் சரிபார்த்த தைரியத்தில் இதைப் பிரிப்பவர்கள் பிழைப்பது அதிர்ஷ்டம். எங்கள் வாடகை வீட்டில் சமையலறையில் பெரிய பிளக்குக்கான இடமே இல்லாமல் இருந்தது. எர்த் கம்பியோடு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று தனியாக இழுத்த பிறகுதான் மனைவி ஓவனைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவிட்டாள். வீட்டுக்காரர் அந்தச் செலவை இன்னும் தரவில்லை.

கை ஆறிய பிறகு அம்மா ஓவனை விட்டுவிடுவாள் என்று நினைத்தோம். விடவில்லை. தண்ணீர் வைக்கும்போது குவளைக்குள் தென்னை ஈர்க்கு ஒன்றை ஒடித்துப் போடுகிறாள். எங்கள் மரக்குச்சியைவிட அது அவளுக்கு நம்பிக்கையாக இருக்கிறது; குமிழிகள் ஈர்க்கின் மேல் வரிசையாக ஏறுவது கதவின் வழியே அவளுக்குத் தெரிகிறதாம். பெட்டியின் மேல் தூசி படாமலிருக்கப் பூப்போட்ட உறை ஒன்றும் தைத்திருக்கிறாள். அது பின்பக்கத்துக் காற்றுத் துளைகளை முழுவதும் மூடிவிடும், உள்ளே சூடு தங்கி ஓவனே போய்விடும் என்று மனைவி எடுத்துச் சொன்னாள். அம்மா உறையைக் கழற்றிப் பார்த்து, யோசித்து, பின்பக்கத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மறுபடி போட்டாள். பக்கவாட்டில் இருக்கும் துளைகளைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.